செங்கம்மா கழுவிய விதை

ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் செங்கம்மா இறந்த செய்தி வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "யாரு, ஏரித் தண்ணியில கஞ்சி காய்ச்சச் சொன்னாளே, அவளா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் குப்பத்தார் உங்களுக்கு இந்த ஓலை. எழுதத் தெரிந்த படகோட்டி நான் ஒருவன்தான். அதோடு, நடந்ததன் உண்மையை நேரில் அறிந்தவனும் இப்போது நான் ஒருவன்தான்.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிப்பவளாகத்தான் உங்களுக்கு அவளைத் தெரியும். செடியையும் அவள் அப்படித்தான் அறிந்தாள். ஒருமுறை வயல் வரப்பில் சக்கரவர்த்திக் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். "இன்னா செங்கம்மா, ஆட்டுக்கா?" என்று சீண்டினேன். வாத்துக் கால் போலிருந்த ஓர் இலையைப் புரட்டி என் விரலில் தேய்த்தாள். வெள்ளை மாவு ஒட்டியது.

"பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதாண்ணா இருக்கும். தடவிப் பாரு. மாவு ஒட்டணும், கணுவுல செவப்புக் கீறல் இருக்கணும். மோந்து பாத்து நாறுச்சுன்னா அது வேற செடி, தூக்கிப் போட்டுடு."

குடிசைக்குப் பின்னாலும் அதை வளர்த்தாள். இறால் ஓட்டை ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, உப்புப் போனபிறகு மண்ணில் கலப்பாள். விதையைப் புதைக்காமல் மேலாகத் தூவுவாள். இளங்கீரையும் சின்ன இறாலும் சேர்த்து அவள் கடைந்தால் இன்னொரு பிடி சோறு கேட்கும். ஆனால் செடிகளில் பாதியைப் பறிக்கவே மாட்டாள். முற்றவிட்டு, கறுப்பு விதையை உதிர்த்துப் பானை பானையாகக் கட்டி வைப்பாள். ஊரே கேலி செய்தது. நானும்தான்.

பிறகு மழை பொய்த்தது. முகத்துவாரம் தூர்ந்து, ஏரி குறுகி, தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாயிற்று. இறால் அற்றுப்போனது. வலைகளைக் கொடுத்து நெல் வாங்கித் தின்று தீர்த்தோம். அப்போதுதான் கப்பலுக்கு அடிமையாள் பிடிக்கும் தரகன் குப்பம் குப்பமாக வந்தான். போகிற இடத்தில் சோறு கிடைக்கும் என்றான். போனவர் யாரும் திரும்பியதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே என் மூத்த மகளைத் தருவதாகச் சொன்னேன். மறுநாள் காலை படகு வரும் என்றான்.

அன்று செங்கம்மா வீடு வீடாக விதை கொடுத்தாள். "நல்ல தண்ணில கழுவுங்க. கசப்பு நுரை அடங்குற வரைக்கும் கழுவுங்க" என்றாள். என் வீட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீர்தான் இருந்தது. அதை யார் கொட்டுவார்கள்? மீனைக் கழுவுவதுபோல ஏரியில் இரண்டு அலசு அலசி உலையில் போட்டேன். உப்பும் கசப்புமாக இருந்த அந்தக் கஞ்சியைக் குடித்த என் இரண்டு பெண்களும் வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். "செங்கம்மா விஷத்தக் குடுத்துட்டா!" என்று தெருவெல்லாம் கத்தினேன். எல்லோரும் விதையைக் கொட்டப் போனார்கள்.

அவள் வந்து என் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தப்பு என்னுதுதான். ஏரித் தண்ணில கழுவுன்னு நாந்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றாள்.

திருப்பாலைவனத்துக் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வந்திருந்த தன் தண்ணீரைத் தெருவிலேயே ஊற்றி விதையைக் கழுவினாள். ஆறாவது தடவை நுரை வரவில்லை. கஞ்சி வைத்து எல்லோரும் பார்க்க முதலில் அவளே குடித்தாள். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நடந்து காட்டி, "பாத்துக்கினீங்களா? இப்போ குடிங்க" என்றாள். என் பெண்கள் குடித்தார்கள். கஞ்சி வயிற்றில் தங்கியது. காலையில் வந்த தரகனைப் போகச் சொன்னேன். எங்கள் குப்பத்திலிருந்து ஒருவரும் அந்தப் படகில் ஏறவில்லை. அந்த விதை அடுத்த மழைவரை எங்களைத் தாங்கியது.

பழியை ஏன் ஏற்றாய் என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"நீ ரோஷக்காரண்ணா. நீ ஒத்துக்கறதுக்குள்ள படகு வந்துட்டிருக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏரித் தண்ணிக் கஞ்சிக்காரி என்ற பெயரோடு இத்தனை வருஷம் உங்கள் நடுவே சிரித்தபடி வாழ்ந்தாள். நேற்று என் மூத்த மகளிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன், தரகனுக்கு வாக்குக் கொடுத்ததையும் சேர்த்து. அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு, "ஊருக்கும் சொல்லிடு நைனா" என்றாள்.

ஆகவே கேளுங்கள். ஏரித் தண்ணீரில் விதையைக் கழுவியவன் நான். செங்கம்மா தந்ததில் என்னிடம் இருப்பது இரண்டு: பரண்மேல் ஒரு பானை விதை, என் மூத்த மகள்.