பாட்டுக்குக் கட்டம் இல்லாத படிவம்

மனைவியின் தொண்டைப் பரிசோதனைக்குப் போன மருத்துவமனையில் அந்தக் கிரேக்க அம்மாவைக் கண்டேன். வெள்ளைக் கொண்டை, கறுப்புச் சட்டை. அடிக்கடி ஒரு காதை உள்ளங்கையால் மூடி, தனக்குள் முனகிப் பார்த்தார். அன்று அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன்.

சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். முப்பது வருடம் அரசாங்கப் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் என்று முகத்திலேயே தெரியும் போல. 'குரல் திரும்பாமல் போகலாம்' என்ற வரியில் அவருடைய விரல் நின்றது.

"நாற்பது வருடமாக டான்ஃபோர்த் தெருவில் எங்கள் கிரேக்க ஆட்களின் கல்யாணங்களில் ஊர்ப் பாட்டுப் பாடுகிறேன். அதை எங்கே எழுதுவது?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதற்குக் கட்டம் இல்லை."

"உங்களுக்கேன் உந்த வேலை? பேசாம இருங்கோவன்," என்றாள் மனைவி.

ஓரத்தில் 'இவர் பாடகி' என்று எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. கையெழுத்து வைத்துவிட்டு, காதை மூடி, மெல்லப் பாடினார். பனி கொட்டிய ஜன்னல் எங்கேயோ ஒரு கடலைப் பார்த்துத் திறந்தது போலிருந்தது. கூப்பிட வந்த தாதியும் பாட்டு முடியும்வரை கதவருகே நின்றார்.

பிறகு அந்த அம்மா உள்ளே போனார்.

குரல் திரும்பியதா? வெளியாள் கேட்டால் மருத்துவமனை சொல்லாது. அந்த விதியின் நியாயத்தை, வேலையில் இருந்த காலத்தில் நானே எத்தனையோ பேருக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.