ரவிக்கைக்குள் ஒரு பை

தையல் பிரித்த அன்று சிதம்பரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று என் ரவிக்கையைக் குனிந்து பார்த்தேன். இடப்பக்கம் துணி சுருங்கித் தொங்கியது. மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை) பற்றி டாக்டர் எல்லாம் விளக்கியிருந்தார். இனி எப்படி உடுத்துவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரிடம் நானே கேட்டேன்.

“உயிர் பொழச்சதே பெருசும்மா. முந்தானைய இழுத்துப் போத்திக்குங்க,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைத்தவள் தெருவில் நடக்க மாட்டாளா?

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் பெரியம்மா காத்திருந்தார். தம்பி கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மற்றவற்றை நாத்தனார் போட வேண்டும். நாத்தனார் நான்தான்.

“ஒடம்பு முடியாதவ நீ எதுக்குடி மேடையேறுற? வீடியோல்லாம் எடுப்பாங்க. சித்தப்பா பொண்ணு போடட்டும்.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தையல் மிஷினைத் திறந்தேன். என் நிலையில் இருக்கும் பெண்களே, நான் செய்ததைச் செய்யாதீர்கள். மார்பளவுக்கு ஒரு துணி உறை தைத்து, முதலில் இலவம்பஞ்சு அடைத்தேன். கனமே இல்லை, கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறியது. கனத்துக்குக் கேழ்வரகு சேர்த்துத் தைத்தேன். துவைத்து, சரியாகக் காயாமல் போட்டுக்கொண்டேன். கடலூர் புழுக்கத்தில் அது முளைவிட்டு நாறியது. களி கிண்ட வேண்டியதை மார்பில் கட்டினால் வேறென்ன ஆகும்! குப்பையில் வீசியபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சரியாக வந்தது இப்படித்தான். புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். உறைக்குப் பழைய பருத்தி வேட்டித் துணி போதும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு, அடியில் சிறு பொட்டலமாகக் கண்ணாடிப் பாசிமணி. போட்டுப் பார்த்து, தோள் இரண்டும் சமமாகும்வரை மணி சேருங்கள். ரவிக்கையின் உட்புறம் ஒரு பை தைத்து, பஞ்சுறையை அதில் செருகுங்கள். மடிப்புத் தையல் தழும்பில் உரசக் கூடாது.

அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளை வடிகட்டும் சிறு உருண்டைகள்) எடுத்திருந்ததால் கை மேலே போகாது. சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பழக்கினேன்.

முகூர்த்தத்தன்று, சேத்தியாத்தோப்பு மண்டபத்தில், மணப்பெண்ணுக்குப் பின்னால் சித்தப்பா பெண் நின்றாள். பெரியம்மாவின் ஏற்பாடு. நான் மேடையேறி, “நவுருடி,” என்றேன். நகர்ந்தாள்.

“எல்லாரும் பாக்குறாங்கடி,” என்று பெரியம்மா பல்லைக் கடித்தார்.

“பாக்கட்டும் பெரியம்மா. பாக்கத்தான பத்திரிக வச்சீங்க?”

கை வலித்தது. முடிச்சுகளை இறுக்கியே போட்டேன்.

இப்போது என் காலமெல்லாம் அடுத்த செக்கப் வரைதான். அதற்கு அப்பால் என்ன என்று டாக்டருக்கும் தெரியாது. பஞ்சுறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது என் உடம்பு. அந்தச் செக்கப் வரை எந்த வீட்டு விசேஷம் வந்தாலும் முன்வரிசையில்தான் உட்காருவேன். சபையில் பஞ்சுறை கழன்று விழுந்தால், குனிந்து எடுத்து, எல்லோர் முன்னாலும் செருகிக்கொள்வேன்.