நிலாத்தடத்தில் ஒரு கறுப்பு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் யாராவது ஏர் நதியில் விழுந்து மேலே வராமல் போனால், போலீஸ்காரர் முதலில் ஜாபெஸ் ஓல்ட்ராய்ட் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். கதவுக்குப் பின்னால் ஆற்றைத் துழாவும் மூன்று கொக்கிக்கழிகள் எப்போதும் சாய்ந்திருக்கும். நாற்பது ஆண்டுகளில் நூறு பிணங்களுக்கு மேல் கரையேற்றியவர். கரையேற்றியதும் தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிடுவார். சாயப்பட்டறைகள் அன்றைக்கு என்ன நிறத்தை ஆற்றில் விட்டனவோ அந்த நிறத்தில்தான் முகம் இருக்கும். சொந்தக்காரர்கள் நீல முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு.

கழியின் பிடி தேய்ந்தால் என் பட்டறைக்குக் கொண்டுவருவார். நான் படச்சட்டம் செய்கிறவன். சுவரோரம் சாய்த்திருக்கும் படங்களை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பெரும்பாலானவை எட்வின் ஸ்டெட் வரைந்த நிலவு வெளிச்சத்து ஆறு. "தண்ணிய நான் தினமும் பாக்குறேன். அதுக்குச் சட்டம் வேறயா?" என்று ஒருமுறை சொன்னார்.

அந்த நவம்பர் தொடக்கத்தில் ஏமஸ் பின்ஸ் என்ற கரிப்படகுக்காரர் காணாமல் போனார். ஜாபெஸ் ஆறு நாள் துழாவினார். ஏழாம் நாள் பீர்க்கடையில் உட்கார்ந்து, "அவன் என் ஆத்துல இல்ல" என்றார்.

அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆற்றில் இல்லையென்றால் ஏமஸ் லிவர்பூலில் கப்பலேறிவிட்டான், கூட ஒருத்தியும் போயிருக்கிறாள் என்று ஒரே வாரத்தில் தெரு முடிவு கட்டியது. ஏமஸின் மனைவி கெசையா ஆலையில் தறி ஓட்டுகிறவள். தறி இரைச்சலில் அங்கே குரல் எடுபடாது, உதடசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் நாற்பதடிக்கு அப்பால் தன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அவளுக்குப் புரிந்தது.

டிசம்பரில் அவள் ஜாபெஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள். "செத்துட்டாரா, என்ன விட்டுட்டுப் போயிட்டாரா, அத மட்டும் சொல்லுங்க பெரியவரே. ரெண்டுல எதுன்னாலும் தாங்கிக்குவேன். தெரியாம இருக்கிறதுதான் முடியல." அந்த மாதம் முழுக்க ஜாபெஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஜனவரியில் ஸ்டெட்டின் படம் ஒன்று திரும்பி வந்தது. ஸ்டெட் முன்பு வண்டிகளுக்கு வண்ணம் பூசியவர். பாலம், சரக்குக் கிட்டங்கிகள், நமக்கு முதுகு காட்டிப் பாலத்தைக் கடக்கும் ஒரு பெண் என்று எல்லாப் படங்களும் ஒரே டிரேசிங் தாளிலிருந்து வருபவை; தண்ணீரை மட்டும் ஒவ்வொரு முறையும் நேரில் பார்த்துத் தீட்டுவார். தண்ணீரில் விழும் நிலாத்தடம் பாலத்தடியிலிருந்து விளிம்புவரை அறுபடாமல் ஓடும். இந்தப் படத்தில் மட்டும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. தூரிகை தவறிய இடம் என்று வாங்கிய கம்பளி வியாபாரி திருப்பி அனுப்பியிருந்தார். அதை மூடுவதற்காக ஸ்டெட் வந்திருந்தார். நான் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த மத்தியானம் ஜாபெஸ் கழியோடு உள்ளே வந்தார். படம் மேசைமேல் கிடந்ததால் கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றினார். பிணத்துக்கு முன்னால்தான் அவர் தொப்பியைக் கழற்றுவார்.

"இது எப்ப போட்டது?"

நவம்பர் பௌர்ணமி, சாயங்காலம் ஐந்து மணி, கிட்டங்கிச் சன்னலிலிருந்து பார்த்து வரைந்தது என்றார் ஸ்டெட். பிறகு கொஞ்சம் கோபமாக, "கை ஒண்ணும் தவறல. தண்ணி அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. இருந்தத வச்சேன். வாங்குனவருக்குப் புடிக்கல, மூடிடுறேன்" என்றார்.

"மூடாத. கொஞ்சம் பொறு."

ஜாபெஸ் படத்தைத் தொடாமல் விரலை மேலே நகர்த்திக் காட்டினார். இரண்டு பக்கமும் அலை உடைந்து மின்னுகிறது, இங்கே மட்டும் இஸ்திரி போட்டதுபோல் படிந்து கறுத்திருக்கிறது. மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஏதாவது கிடந்தால்தான் தண்ணீர் அப்படிப் படியும். அது சாயப்பட்டறைத் துறை. எப்போதும் கரிப்படகுகள் நெருக்கிக் கட்டியிருக்கும் இடம். அவர் கழி நுழையாத ஒரே இடம். அந்தச் சாயங்காலம் மட்டும் படகுகள் விலகியிருக்கின்றன.

அன்றைக்கே போய்ப் படகுகளை நகர்த்தச் சொன்னார். முதல் வீச்சிலேயே கொக்கி பிடித்தது. மூழ்கிக்கிடந்த பழைய படகின் நங்கூரச் சங்கிலியில் ஏமஸ் சிக்கியிருந்தார். ஜாபெஸ் இந்த முறை முகத்தைத் துடைக்கவில்லை. கைக்குட்டையை விரித்து மூடினார். காலுறையின் குதிகாலில் தான் வேறு நிற நூலில் போட்ட தையலைப் பார்த்துக் கெசையா அடையாளம் சொன்னாள்.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை, ஆலை அரைநாள் விட்டதும் அவள் என் பட்டறைக்கு வந்தாள். ஜாபெஸும் கூட வந்தார்.

"இங்கயா?" என்று கறுப்பைக் காட்டிக் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

"தினமும் ரெண்டு வேளை அந்தப் பாலத்து மேலதான் போய் வந்தேன். போறப்பெல்லாம் அவர வைஞ்சுக்கிட்டே போனேன்."

வெகுநேரம் படத்திலிருந்த பெண்ணின் முதுகையே பார்த்தாள்.

"தப்பு என்மேல, பொண்ணே" என்றார் ஜாபெஸ். "பீர்க்கடையில சொன்னத அதே பீர்க்கடையில எந்திரிச்சு நின்னு மாத்திச் சொல்லிட்டேன். நீ ஆலைக்குப் போ. இனி எவ உதடும் அசையாது."

அதற்குப் பிறகுதான் ஸ்டெட் கறுப்பை மூடினார். வெள்ளியாகக் காய்ந்தது. பத்தே நாளில் வண்ணம் உள்ளிறங்கி மங்கி, பழையபடி கறுத்தது. மறுபடி பூசினார், வார்னிஷும் அடித்தார். மறுபடி கறுத்தது. அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சினால் இப்படி ஆகும், எனக்குத் தெரியும். மற்ற இடங்களில் ஏன் உறிஞ்சவில்லை என்பதுதான் தெரியவில்லை. வியாபாரி படம் வேண்டாம் என்றுவிட்டார். அது என்னிடம்தான், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

இப்போது நிலவுப் படம் ஒன்று சட்டத்துக்கு வந்தால் ஜாபெஸுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. வருவார். வானம், பாலம், பெண் எதையும் பார்க்கமாட்டார். தண்ணீரை மட்டும், பெயர்ப்பட்டியல் படிப்பவர்போல் மேலிருந்து கீழே பார்ப்பார். பெரும்பாலும் தொப்பியைத் தொடாமலே போய்விடுவார்.

இந்த மார்ச்சில் வந்த படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, "இது எப்ப போட்டது?" என்றார்.

தேதியைச் சொன்னேன். பிடி மாற்றக் கொண்டுவந்த கழியை, மாற்றாமலே எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனார்.