சூப்பர் ஹீரோவின் சித்தப்பா

எண்பதுகளின் பின்பாதியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று நாளெல்லாம் எழுதும் வேலை. வீட்டுக்கு வந்ததும் அதே வேலையைக் காமிக்ஸ் புத்தகங்களுக்குச் செய்தேன். அப்போது தமிழில் மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒரு சூப்பர் ஹீரோவின் பழைய கதைகளை, வெளிநாட்டில் வெளியான வரிசையில் பதிப்பகத்தார் போடவில்லை. கைக்குக் கிடைத்ததைப் போட்டார்கள். ஒரு மாதம் செத்துப்போன வில்லன் அடுத்த மாதம் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். சரியான வரிசையைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன்.

ஹீரோவை நம்பிப் பயனில்லை. அவனுக்கு வயதே ஏறாது. அவனுக்குப் பின்னால் இருப்பவைதான் காலத்தைக் காட்டும். டெலிபோனில் சுழற்றும் வட்டு போய்ப் பொத்தான் வரும். கார்களின் வால் துடுப்பு குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு நாள் காணாமல் போகும். சுவர்க் காலண்டர், பெட்டிக்கடையில் தொங்கும் செய்தித்தாள், பெண்களின் பாவாடை நீளம் எல்லாவற்றையும் குறித்தேன். தமிழில் மாற்றுவது வசன பலூனுக்குள் இருப்பதை மட்டும்தான். பின்னணியை யாரும் தொடுவதில்லை. ஆகவே பலூனைவிடப் பின்னணியை நம்பினேன்.

இந்தப் புத்தகங்களை என்னளவு கவனமாகப் படித்த இன்னொருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்தாள். அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் ஒன்றாக இருந்தவர்கள். ஓய்வுபெற்று வந்தபின் அவர் வீட்டு முன்னறையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். சாதியில் எங்களுக்குள் தடை எதுவும் இல்லை. ஆனால் சித்தப்பா மகள் என்றால் தங்கை முறை. ஞாயிறுதோறும் புத்தகம் கொடுக்கிற சாக்கில் பஸ் ஏறிப் போய், மனதில் இருப்பதைச் சொல்லாமலே திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மாதப் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் அறிவிப்பு வந்தது. தை மாதம் ஹீரோவின் கல்யாணச் சிறப்பிதழ். மணப்பெண், எல்லாக் கதையிலும் அவன் ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டுவந்த விஞ்ஞானியின் மகள். கார்த்திகை இதழின் வாசகர் பக்கம் கொதித்தது. தங்கச்சியைக் கட்டுகிறவன் உலகத்தைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான் நோட்டைப் புரட்டினேன். விஞ்ஞானி வீட்டுக் கதவில் ஆங்கிலப் பெயர்ப்பலகை. ஹீரோவின் அறையில் பட்டச் சான்றிதழ். இரண்டிலும் குடும்பப் பெயர் வேறு வேறு. அண்ணன் தம்பி என்றால் அந்த ஊரில் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“அம்மா கூடப் பொறந்த தங்கச்சி புருசனா இருந்தா? அவியளும் சித்தப்பாதான. பேரு வேறயாத்தான இருக்கும்,” என்றாள்.

ஒரு வார உழைப்பு போயிற்று. அவள் நோட்டை வாங்கி, எனக்கு விளங்காதவற்றை எழுதிவைத்திருந்த கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ‘சுவரில் போட்டோ. ராணுவ லாரி முன் இரண்டு சிப்பாய்கள். ஹீரோ வீட்டிலும் விஞ்ஞானி வீட்டிலும் உண்டு. யாரென்று தெரியவில்லை’ என்று இருந்தது.

“இது தெரியலையாக்கும்? இதே மாதிரி நம்ம அப்பாமாரு படம் எங்க வீட்டுச் செவத்துல ஒண்ணு தொங்குது. உங்க வீட்லயும் அதே படம் தொங்குது.”

நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள். பிறகு, கடையில் இருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, “நான் உங்கள அண்ணன்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. அத நோட்டுல ஏத்தலையா?” என்றாள்.

ஏற்றியிருக்கவில்லை.

மறுநாள் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். விஞ்ஞானி, ஹீரோவுடைய அப்பாவின் பட்டாளத்துச் சிநேகிதர். மூலத்தில் ‘அங்கிள்’ என்று இருந்திருக்கும். கூப்பிட்ட பழக்கத்தால் ரத்த உறவு வந்துவிடாது. ஆகவே கல்யாணத்துக்குத் தடையில்லை. மார்கழி இதழில் அது என் பெயரோடும் ஊரோடும் முழுசாக வந்தது. தை இதழில் விளக்கம் எதுவும் தராமல் விஞ்ஞானியை மாமா ஆக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

கடிதம் வெளியான வாரம், ஞாயிறு காலையில் நான் கிளம்புமுன்னே சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் புத்தகம்.

“ஏலே, இது நீ எழுதுனதா?”

“ஆமா சித்தப்பா.”

“எந்தக் கல்யாணத்துக்குலே தடையில்லங்குத?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டி இரண்டு முறை படித்தார். விஷயம் புரிந்ததும் அம்மாதான் முதலில் பேசினாள். “இம்புட்டு வருசமா எங் கொழுந்தன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்க?”

“தப்பு எம்மேலதான்,” என்றார் அப்பா. “பட்டாளத்துக் குவார்ட்டர்ஸ்ல பிள்ளைக எல்லாம் அங்கிள் அங்கிள்னு கூப்பிடுச்சுக. நம்ம பேச்சுல அதுக்கு என்னன்னு யோசிச்சு, இவனுக்குச் சித்தப்பான்னு சொல்லிக் குடுத்தேன். மாமான்னும் சொல்லிக் குடுத்திருக்கலாம். அப்பம் தோணல.”

“எப்படித் தோணும்? சிக்னல்ல இருந்துக்கிட்டே மெசேஜத் தப்பா அனுப்புன ஆளுதான நீரு,” என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு நாளா நான் சாப்பிட உக்காந்தா, எம் மவ இந்தப் பக்கத்தத் தொறந்து முன்னால வைக்கா. வாயத் தொறந்து சொல்லுதாளான்னா, இல்ல. நீயாவது சொல்லு. கட்டிக்கிடுதியா?”

“கட்டிக்கிடுதேன்,” என்றேன். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். “எனக்கு ஒரு வாரம் குடுங்க. கொழுந்தனச் சம்பந்தின்னு கூப்பிட வாய் வரணும்ல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரம் ஆகவில்லை. ஐந்தாம் நாள் அம்மா என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி மடவார் வளாகத்துக்குப் போய், கடை வாசலில் நின்று “சம்பந்தி” என்று கூப்பிட்டாளாம். பழுது பார்த்த ரேடியோக்கள் பாடிக்கொண்டிருந்த சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறாள்.