ஈரம், தொடாதீர்கள்

கதவுக்கு இரண்டாவது பூச்சு அடித்து முடித்து, ஓர் அட்டையில் ‘ஈரம், தொடாதீர்கள்’ என்று பெரிதாக எழுதிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, நாலு எட்டு பின்னால் போய் நின்று அழகு பார்த்துவிட்டு, திரும்பி வந்து கட்டைவிரலால் கதவைத் தொட்டுப் பார்க்கிறார் பெயிண்டர். கீல் பக்கம், நெஞ்சு உயரத்தில், ரேகையோடு ஒரு விரல் பதிகிறது.

“இன்னும் காயல,” என்கிறார், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல.

அந்தப் பகுதியில் அவர் வேலை பார்த்த வீடுகளைத் தேடிப் பிடிப்பது சுலபம். கீல் பக்கம் உற்றுப் பார்த்தால் போதும். மற்றபடி வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பலகை கன்னம்போல வழுவழுவென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. ஒரு வீட்டுக்கார அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏன் அண்ணே, தொடாதீங்கன்னு போர்டு மாட்டுறதும் நீங்க, தொடுறதும் நீங்களா?”

“அந்த போர்டு மத்தவங்களுக்குங்க.”

அவசரம் அவருக்குக் கூடவே பிறந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே எழுந்து படிக்கட்டில் நிற்பார். லிஃப்ட் பொத்தானை விடாமல் அமுக்குவார். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் அவர் ஒரு டீ குடித்ததில்லை. சட்டை நிறையப் பல நிறப் புள்ளிகள், காதோரம் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு. குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

இந்த அவசரம் ஆலயத்துக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கூடவே வந்து உட்காரும். பாஸ்டர் கனத்த உடம்புக்காரர். ஜெபத்தின் நடுவே மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார். அதற்குள் நாலாவது பெஞ்சிலிருந்து கணீரென்று “ஆமென்” வந்து விழும். பாடகர் குழு உதட்டைக் கடித்துக்கொள்ளும். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் மனதுக்குள் பெயிண்டரை வாழ்த்துவார்கள்.

“உங்க ஆமென் வந்துடுமோன்னு பயந்தே நான் வேகமா ஜெபிக்கிறேன்,” என்பார் பாஸ்டர், வாசலில் கை குலுக்கும்போது.

“நல்லதுதானே பாஸ்டர். ஆண்டவருக்கும் நேரம் மிச்சம்.”

தனியாக ஜெபிக்கும்போதும் அப்படித்தான். “ஆண்டவரே, உமக்குத் தெரியாதது இல்ல. இருந்தாலும் இந்த மாசத்துக்குள்ள முடிச்சுக் குடுத்திடும்,” என்று முடிப்பார். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவர் மனைவிக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

“ஜெபம் பண்றீங்களா, கான்ட்ராக்ட் பேசுறீங்களா?”

ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது சிரிக்கிற விஷயம் அல்ல என்று அவளுக்கும் தெரியும். அவர்களுடைய ஒரே மகளுக்கு நாலாவது வயது நடந்துகொண்டிருந்தது. பாப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காது நன்றாகக் கேட்டது. சொன்னது புரிந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டுவாள். கோபம் வந்தால் அப்பாவின் பிரஷ்ஷை ஒளித்துவைப்பாள். வார்த்தை மட்டும் வரவில்லை.

பெயிண்டர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். வேலை முடிந்து வந்ததும் டப்பா மூடிகளை வரிசையாகத் தரையில் வைப்பார். “இது செவப்பு. சொல்லு பாப்பா, செவப்பு. சரி, அது வேணாம். அப்பா சொல்லு. அப்... பா.” அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அவர் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோவார். “சொல்லும்மா, ஒரே ஒரு தரம்.” அவள் எழுந்து போய்விடுவாள். நாள் போகப்போக, படியில் அவர் காலடி கேட்டாலே அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். முன்பெல்லாம் கதவு திறப்பதற்குள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை. வார்த்தைதான் இல்லை என்று அழுத மனிதருக்கு, இருந்ததும் கைவிட்டுப் போவது தெரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பயிற்சிக்கு வாராவாரம் கூட்டிட்டு வாங்க. வீட்ல நீங்க பேசுங்க, பாடுங்க, கதை சொல்லுங்க. ‘சொல்லு, சொல்லு’ன்னு கேக்குறத மட்டும் விட்டுடுங்க.”

“எப்பங்க பேசுவா?”

“தேதி போட்டுக் குடுக்குற வேலை என்கிட்ட இல்லைங்க.”

அங்கிருந்து நேராக பாஸ்டரிடம் போனார். “‘தட்டுங்கள், திறக்கப்படும்’னு சொன்னவர் ஆண்டவர்தானே பாஸ்டர்? தட்டிக்கிட்டேதானே இருக்கேன்?”

பாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார். “தட்டத்தான் சொன்னாரு. தாழ்ப்பாளப் பேத்தெடுக்கச் சொல்லலையே. உள்ள ஆள் இருக்காருங்கிற நம்பிக்கை இருந்தா, தட்டினவன் வாசல்ல நிப்பான்.”

நிற்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார். பாப்பாவின் சின்ன மர நாற்காலியை எடுத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டினார், தேய்த்தார், பிரைமர் பூசினார், பொறுமையில்லாமல் நாலு தரம் தொட்டார், திரும்பவும் தேய்த்தார். சனிக்கிழமை காலை மஞ்சள் எனாமல் அடித்து, அதன் மேல் வெயில் விழும்படி ஜன்னலோரம் வைத்தார். பாப்பா அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மஞ்சள் அவளைப் பிடித்து இழுத்தது. மெதுவாக வந்து நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“ஈரம்டா, தொட்டுடாதே,” என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கை ஓடிப்போய்த் தொட்டுவிடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. முகத்தில் வருத்தமே இல்லை. காயப்போகிற நாற்காலி தன்னுடையதுதான் என்று தெரிந்த முகம். சன்னமாக மூக்கால் ஏதோ முனகிக்கொண்டு, காலாட்டியபடி காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெயிண்டரின் கட்டைவிரல் தானாக நாற்காலியை நோக்கிப் போனது. பாப்பா ஒரு கையை உருவி, அந்த விரலைப் பிடித்து இழுத்தாள். தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். அவள் முறைத்துக்கொண்டே இருந்ததால் தன் கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சலவைக்கடையிலிருந்து சாப்பிட வந்த மனைவி, இருவரும் ஒரு நாற்காலிக்கு முன்னால் கை இல்லாதவர்கள்போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்னங்க இது, ரெண்டு பேருக்கும் ஏதாவது தண்டனையா?”

“சும்மா இரு. காஞ்சிக்கிட்டு இருக்கு.”

அவர் வாழ்க்கையில் விரல் தடம் இல்லாமல் முடிந்த முதல் வேலை அந்த நாற்காலி. அன்றைய குடும்ப ஜெபத்தில் அவர், “ஆண்டவரே, உமக்கு எப்ப சரின்னு படுதோ அப்ப. நான் தொடல. பக்கத்துலயே இருக்கேன்,” என்று முடித்தார். தேதி வராததால் மனைவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

ஒரே நாளில் ஆள் மாறிவிடவில்லை. பஸ்ஸில் இப்போதும் முந்தி எழுந்துவிடுகிறார். நாக்கு இப்போதும் சுடுகிறது. ஆனால் டப்பா மூடிகள் தரைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, அன்றைக்கு எந்த வீட்டில் எந்த நிறம், எந்தப் பூனை பெயிண்டில் கால் வைத்தது என்று பாப்பாவிடம் கதை சொன்னார். பதில் கேட்கவில்லை. பாப்பா அலமாரியை விட்டு வெளியே வந்தாள். மடியில் ஏறினாள். காதோரத்து வெள்ளைக் கோட்டைச் சுரண்டினாள்.

ஆலயத்திலும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆமென் அடங்கிவிட்டது. ஜெபம் நீண்டது. வாசலில் பாஸ்டரே குறைப்பட்டுக்கொண்டார்: “நீங்க இல்லாம எங்க முடிக்கிறதுன்னே எனக்குத் தெரியல.” பாஸ்டர் மூச்சு வாங்குகிற ஒவ்வொரு தரமும் பாப்பா தலையைத் தூக்கி, எதையோ எதிர்பார்ப்பதுபோல அப்பாவின் வாயைப் பார்ப்பதை அம்மா மட்டும் கவனித்தாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்த பாஸ்டர் நடுவில் மூச்சுக்காக நிறுத்தினார். நாலாவது பெஞ்சிலிருந்து வந்தது.

“ஆமென்.”

பழைய ஞாபகத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் குரல் சின்னதாக இருந்தது அவர்களுக்கு உறைத்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பெயிண்டர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாப்பா, தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டு, இதை இனி யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்பதுபோல பாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லு என்று அவர் ஒருநாளும் கேட்காத ஒரே சொல் அது.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கேட்டீங்களா? ஏங்க, கேட்டீங்களா?”

அவருக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, ‘இன்னொரு தரம் சொல்லு பாப்பா.’ அதை விழுங்கினார். பாஸ்டர் கரகரத்த குரலில், விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு அது வழக்கத்தைவிட நீளம். பெயிண்டர் கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தள்ளி அழுத்திக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவற்றை வெளியே எடுக்கவில்லை.