தேங்காய்ச் சில்லுக்கு அபராதம்

என் மருமகள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். புது வேன் வந்த அன்று அசாம் ஜாவா ஊரில் சாலையோரக் கோயிலில் பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய். அவள் ஓங்கி உடைத்ததில் சில்லுகள் சாலையெங்கும் தெறித்தன. காக்கை தின்னும் என்று வேனில் ஏறப் போனோம். எதிரே நின்ற அமலாக்க அதிகாரி விடவில்லை. பொது இடத்தில் குப்பை போட்ட குற்றத்துக்கு நீதிமன்றம் வரச் சொல்லி அவள் கையில் சம்மனைக் கொடுத்தார்.

இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம் போடலாம் என்று கேள்விப்பட்டதும் என் தூக்கம் போயிற்று. அது வேனின் இரண்டு மாதத் தவணை. கோலசிலாங்கூர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"குத்தத்த ஒத்துக்க. மொத தடவைன்னு சொல்லு. இனிமே தேங்காயே ஒடைக்க மாட்டேன்னு சொல்லும்மா."

"ஒடைப்பேனே மாமா. அடுத்த வேன் வாங்கினா சும்மாவா எடுப்பேன்?"

"அது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"பதினோரு தடவ சொல்லிட்டீங்க. நீங்க எண்ணலன்னாலும் நான் எண்ணிட்டேன். சும்மா இருங்க லா."

அவளுடைய வழக்கைக் கூப்பிட்டதும் நான் கூரையில் ஓடிய மின்விசிறிகளை எண்ணத் தொடங்கினேன். அவள் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் அம்மாவைப் 'புவான்' என்று மரியாதையாக அழைத்து மலாயிலேயே பேசினாள்.

"குற்றம்தான், புவான். முதல் தடவை. அன்று மத்தியானமே திரும்பிப் போய்க் கூட்டிவிட்டேன். ஆனால் இனிமேல் உடைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. உடைத்தால், கூட்டாமல் வண்டியை எடுக்க மாட்டேன்."

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் மின்விசிறிகளை எண்ணுவதை ஐந்தோடு நிறுத்தினேன்.

"தேங்காய் உடைக்காவிட்டால் வேன் ஓடாதா?"

"ஓடும், புவான். நான்தான் பயந்து பயந்து ஓட்டுவேன்."

அவர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். முந்நூறு வெள்ளி அபராதம், இரண்டு மணி நேரம் தெருக் கூட்டும் வேலை. தவணைப் பணம் பிழைத்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அவங்களுக்குக் கோவம் வந்திருந்தா?"

"ரெண்டாயிரத்தக் கட்டியிருப்போம். அதுக்குப் பொய் சொல்லிட்டு வந்து பிள்ளைங்கள ஏத்தச் சொல்றீங்களா?"

இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாளே என்றுதான் தோன்றியது. என் குடையை வைக்க வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு விளக்குமாறும் குப்பை முறமும் கிடந்தன.

"இது எப்ப வாங்கினது?"

"சம்மன் குடுத்த அன்னிக்கே. ஏறுங்க மாமா, ஒரு மணிக்குப் பிள்ளைங்க வாசல்ல நிப்பாங்க."