திங்கட்கிழமை மூச்சு

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் காட்டில் பருத்தி போட்டுத்தான் பழக்கம். மழை தொடர்ந்து ஏமாற்றவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் திண்டுக்கல்லுக்கு வந்து ஒரு நூல் மில்லில் சேர்ந்தோம். பருத்தியில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் போனோம். செடியிலிருந்து எடுக்கிற வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும் என்பது உள்ளே போன பிறகு விளங்கியது.

அவருக்குப் பஞ்சு உடைக்கிற அறையில் வேலை. பேல் பேலாக இறுக்கிக் கட்டி வரும் பஞ்சு மூட்டைகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். அது பஞ்சை அடித்து உதிர்த்து, விதைத்தோல், காய்ந்த இலைத்தூள், மண் எல்லாவற்றையும் கழித்துத் தள்ளும். எனக்கு ரீலிங்கில் வேலை. நூற்று முடித்து வருகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுவது. நின்றபடியே பார்க்கும் வேலை. வேலை முடிந்து சங்கு ஊதும்போது முழங்காலுக்குக் கீழே என்னுடையதாக எதுவும் இருக்காது.

மில் பேச்சு பழக எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்து இழையின் நீளம் சொல்வார்கள். கருங்கண்ணிப் பஞ்சில் இழை குட்டை, தடித்த நூல்தான் வரும். கம்போடியாப் பஞ்சு நீளம், மெல்லிசாக இழுத்தாலும் தாங்கும். நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்றதும், இதென்ன தலைகீழ்க் கணக்கு என்று நினைத்தேன். துணியில் நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. தறியில் இழுபட்டு அடிபடுவது பாவுதான் என்பதால் அதற்கு முறுக்கு கூடுதலாகக் கொடுப்பார்கள். ஊடை கொஞ்சம் இளக்கமாக இருந்தாலும் ஒப்பேறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு. மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவர் குரல்தான் மேலே எழும். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார்.

"என்ன செய்யுது?"

"நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு. செத்த நேரம் உக்காந்தா சரியாப் போயிரும்."

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. வாரக் கடைசியில் ஒன்றுமே இல்லாததுபோல இருப்பார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. காசமாக இருக்குமோ என்று பயந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசம் இல்லை என்றார் டாக்டர். "தூசி இல்லாத இடமாப் பார்த்து வேலை செய்யச் சொல்லும்மா" என்று சொல்லி ஒரு மருந்தும் எழுதிக்கொடுத்தார்.

ரீலிங்கில் என் பக்கத்தில் நிற்கிற அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அது திங்கக்கெழம மூச்சு. எங்க வீட்டுக்காரரும் அந்த ரூம்லதான் இருந்தாரு. ஒருநாள் லீவுல நெஞ்சு தூசிய மறந்துருது. மறுநாள் உள்ள போனதும் மொரண்டு புடிக்குது. போகப் போக எல்லா நாளும் அப்படித்தான் ஆயிரும். இப்ப அவருக்கு வீட்டு வாசப்படி ஏறவே ஏலல."

அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே, வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"நோஞ்சான்னு தெரிஞ்சா முதல்ல மாத்துவாக. அப்புறம் வெளிய அனுப்புவாக. ஊர்ல போயி எந்த மழைய நம்பி ஏர் பூட்டுறது?"

எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. விடியுமுன் குழாயடியில் நின்று, சோறாக்கி, மில்லுக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. சண்டை போடுவதற்கும் உடம்பில் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது, ஒரு வருசமோ அதற்கு மேலுமோ.

பிறகு ஒரு பங்குனி. காற்று காய்ந்து போய், தொட்ட இடத்தில் எல்லாம் நூல் அறுந்தது. அந்தச் சமயம் பார்த்துக் குப்பை மண்டிய குட்டைப் பஞ்சு வந்து இறங்கியது. பஞ்சு உடைக்கிற அறை புகைமூட்டம் மாதிரி இருந்ததாம். திங்கட்கிழமை மத்தியானம் அவர் மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது வெளியே வேம்படியில் கிடத்தியிருந்தார்கள். புருவம், மீசை, இமை எல்லாம் பஞ்சு படிந்து வெளுத்திருந்தன. மேஸ்திரி பக்கத்தில் நின்றார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. நாளைக்குத் தேறிட்டா வரச் சொல்லு."

"நாளைக்குத் தேறிருவாருண்ணே. அடுத்த திங்கக்கெழம மறுபடி விழுவாரு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"ஈர ரூமுக்கு மாத்தி விடுங்க."

நாங்கள் கட்டும் சிட்டங்கள் அந்த அறைக்குத்தான் போகும். பருத்தி நூல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் வலுக்கும், காய்ந்தால் நொறுங்கும். அதனால் தரையை எப்போதும் நனைத்துவைத்து, மூட்டை கட்டுவதற்கு முன் நூலை அங்கே அடுக்கிவைப்பார்கள். அந்த ஈரத்தில் தூசி எழும்பாது. அங்கே ஓர் ஆள் வேலையை விட்டு நின்றுபோன விஷயம் ரீலிங் முழுக்கத் தெரியும்.

"அது வயசாளுக பாக்குற வேலை. கூலியும் கம்மி. இவரு ஒத்துக்குவாரா?" என்றார் மேஸ்திரி.

படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒத்துக்குறேண்ணே."

அவ்வளவு சீக்கிரம் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தால் இப்படி விட்டுக்கொடுப்பார் என்றுதான் தோன்றியது.

ஈர அறையில் மூச்சு அடங்கியது. ஆனால் குளிர் பிடித்துக்கொண்டது. பருத்திச் சட்டை நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிற சூட்டையும் இழுத்துவிடும், லேசில் காயாது. மார்கழியில் உதடு நீலம் பாரித்து வீட்டுக்கு வந்தார். கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர்களிடம் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கி, பாதியாகக் கிழித்து மார்பில் சுற்றிவிட்டேன். ஆட்டு முடி சுருண்டு சுருண்டு இருப்பதால் நடுவில் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரமானாலும் பருத்தியைப்போலச் சில்லிடாது. ஆனால் முள்ளாகக் குத்தும். நனைந்தால் கிடை நாற்றம் அடிக்கும். கூட வேலை பார்த்தவர்கள் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

"பொண்டாட்டிய விட்டுட்டு ஆட்டோட குடும்பம் நடத்துறேன்" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

திங்கட்கிழமை இறுக்கம் குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்றேபோனது. அதற்குமுன் போன மூச்சு மட்டும் திரும்பவில்லை. பாட்டுக் குழுவில் கொஞ்ச நாள் வாயசைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். குறைந்த கூலியை ஈடுகட்ட, ஆள் வராத நாட்களில் அடுத்த ஷிப்டும் நான் நின்றேன். என் காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தன.

அறுபதுகளில் எங்கள் இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே ஷிப்டு கிடைத்தது. மில்லிலிருந்து வீடு தூரமில்லை. ஆனாலும் வழியில் நிற்பார். வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார், செருப்பைக் கழற்றி உதறுவார், வராத ரயிலுக்காக ரயில்வே கேட் பக்கம் பார்ப்பார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம், "நீ முன்னால போயி ஒலைய வையி. நான் மெதுவா வாரேன்" என்றார்.

"எனக்கும் கால் ஏலல" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். அவருக்காகச் சொன்ன பொய்யில்லை அது.